ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா வீடு

நான் நில அளவர். பதினோரு வருடமாக உத்திரமேரூர் வட்டாரத்தில் ஊரார் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மா முப்பது வருடம் பிறர் கழனியில் நாற்று நட்டவள். சின்ன வயதில் வரப்பில் நடந்ததற்கே திட்டு வாங்கிய இவள், அவளுடைய பெண், இப்போது அந்த வரப்பு யாருடையது என்று சொல்கிறாளே என்று சில பெரிய மனிதர்களுக்கு இன்னும் முகம் சுருங்கும். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சங்கிலியைப் பிடிக்கச் சொல்வேன்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தன் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தொல்லை வரலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கேமரூன் நாட்டுக்காரி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஏரிப்பாசனம் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். முதலில் தாமல் ஏரியைப் பார்த்துவிட்டு, அப்புறம் எங்கள் பக்கம் வந்தாள். ஒரு பங்குனி மாத வெயிலில் கடிதத்தோடு அலுவலகத்தில் வந்து நின்றபோது, இங்கிலீஷ் பேச வேண்டுமே என்று எல்லோரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். "அந்தம்மாகிட்ட அனுப்பு, அது பேசும்" என்று என்னைக் காட்டினார்கள்.

பழைய வரைபடங்களைக் காட்டினேன். ஏரியின் கரை, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல், மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தங்குவதற்கு ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டாள். அன்று மாலை வரை நானும் அவளும் எட்டு வீடு ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் தண்ணீர் கஷ்டம் என்றார்கள். ஒரு வீட்டில் மகள் வரப்போகிறாள் என்றார்கள். ஒரு வீட்டில் நாங்கள் சைவம் என்றார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொன்ன அதே காரணங்கள், சொல் மாறவில்லை. ஒன்பதாவது வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை. நேராக எங்கள் காலனி வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடி இது?"

"ஆப்பிரிக்காவுலேருந்து வந்துகீறாங்க. நம்ம வூட்லதான் இருக்கப் போறாங்க."

"சரி, நிக்க வெச்சே பேசிக்கினு கீற? உள்ள இஸ்துகினு வா. துன்னாளா, கேளு."

அவ்வளவுதான். பத்து மாதம் இருந்தாள்.

எங்கள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். தமிழை அவள் கற்றது அம்மாவிடம். அதனால் அவள் வாயில் வந்தது புத்தகத் தமிழ் இல்லை, எங்கள் தெருத் தமிழ். மூன்றாம் மாதமே, "அம்மா, இன்னிக்கு இன்னா கொயம்பு?" என்று கேட்பாள். வாசலில் அதைக் கேட்ட பால்காரர் அதிர்ந்துபோய் அளவுக்கு மேலே ஒரு கரண்டி ஊற்றினார்.

ஒருநாள் வாய்க்கால் ஓரம் நடந்து வரும்போது திடீரென்று குனிந்து மணத்தக்காளிச் செடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எங்கள் ஊர்க் கீரை, எங்கள் ஊர்க் கீரை என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னாள். கிட்டத்தட்ட இதே கீரையைத்தான் அங்கே வதக்கி, மக்காச்சோள மாவில் களி கிண்டிச் சாப்பிடுவார்களாம். அன்றைக்கு அடுப்பை அவளே பிடித்துக்கொண்டாள். களியை உருட்டி, கீரையைத் தொட்டு, முதல் வாய் போட்டதும் மென்றுகொண்டே அழுதாள். அம்மா தன் தட்டிலிருந்த கீரையையும் எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அவள் ஊர் மலைமேல் இருக்கிறது. பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் அப்பா வீடு, அந்தப் பக்கம் அத்தை வீடு. ஒரே ஜனம், ஒரே மொழி, ஒரே சாவு வாழ்வு. முதலில் ஜெர்மன்காரர்கள் ஆண்டார்கள். உலகப் போரில் அவர்கள் தோற்றதும், இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் கோடு ஓடையின் மேலே போனது. அத்தை வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனார்கள், இவள் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். சுதந்திரம் வந்து இரண்டு பகுதியும் ஒரே நாடாகச் சேர்ந்த பிறகும் அந்தக் கோடு போகவில்லை. சர்க்கார், கோர்ட், பட்டாளம் எல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சில். இங்கிலீஷ் பகுதியில் நியாயம் கேட்டுப் பார்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், பிறகு துப்பாக்கி வந்தது. பள்ளிக்கூடங்கள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. திங்கட்கிழமை தோறும் கடை திறக்கக்கூடாது என்று துப்பாக்கி எடுத்துக் காட்டுக்குள் போனவர்கள் உத்தரவு. திறந்தால் காட்டுக்காரர்கள் சுடுவார்கள், மூடினால் பட்டாளத்துக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். அவள் ஊரில் பாதி வீடு எரிந்தது. அவள் அம்மா ஓடையைத் தாண்டி, ஒரு மணி நேரம் நடந்து, நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்போது இவள் சென்னை விமான நிலையத்தில் இறங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம்.

சில நாள் என்னோடு அளவைக்கு வருவாள். காவாந்தண்டலம் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் எல்லைத் தகராறு. வரைபடத்தில் இருக்கும் கல்லை நிலத்தில் காணோம். தம்பிக்காரர் கடப்பாரையால் குத்திக்கொண்டே போக, முழங்கால் ஆழத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளினால், தலையில் அம்புக்குறியோடு பழைய சர்வே கல்.

"யார் போட்ட கல்?" என்று கேட்டாள்.

"வெள்ளைக்காரன் காலத்துது."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த அம்புக்குறியில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். "எங்களுக்குக் கல்கூடப் போடவில்லை அக்கா. எங்கோ ஒரு மேஜையில் பென்சிலால் போட்டுவிட்டார்கள். தோண்டிப் பார்க்கவும் வழியில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார்கள். நல்ல கல் என்று சொல்கிறாள் என்றேன்.

ஆனால் எங்களுக்குள் சண்டையும் வந்தது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கொள்ளுத் தாத்தாவின் நிலத்தைப் பற்றிச் சொன்னேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டும்போது அவர் பெயரைப் பார்த்தேன். நிலம் இல்லாத எங்கள் ஜனங்களுக்கென்று வெள்ளைக்கார சர்க்கார் ஒதுக்கிய பூமியில் அவருக்கும் ஒரு துண்டு. அது எப்படியோ ஒரே தலைமுறையில் கைமாறிவிட்டது. அம்மாவுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. தெரியாமலே அந்தக் கழனியில் பல வருடம் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவறையிலேயே அழுதேன் என்று அவளிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, ஒரு வெள்ளைக்காரன் எழுதச் சொன்ன நாலு வரி.

அம்மா சேர்ந்துகொண்டாள். "தொரைங்க வரலன்னா நாங்கோ பள்ளிக்கூடத்து வாசலக்கூட பாத்திருக்க மாட்டோம் கண்ணு. சிலேட்டு குட்த்ததும் தொரதான், சாமி குட்த்ததும் தொரதான்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "எங்களுக்கும் அதே தொரதான்மா வந்தாரு" என்றாள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால் கழுத்தில் மரப்பலகை மாட்டி விடுவார்களாம். அவள் படித்த காலத்தில் பள்ளியில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை. பலகை மட்டும் இருந்தது. அவள் அம்மா ஞாயிறு ஞாயிறு படிக்கும் ஜெபப் புத்தகம் பக்கத்து ஊர் மொழியில் இருக்கிறதாம். பாதிரிமாருக்கு ஒரு மொழி போதும் என்று தோன்றியிருக்கிறது. பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். "என் அம்மா பேசும் மொழியை எனக்கு எழுதத் தெரியாது. நீங்கள் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், உங்களுக்குக் காரணம் இருக்கிறது. என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அவன் போயி இத்தன வருஷம் ஆச்சு. அடிச்சிக்கிறது நீங்கதானே? இன்னமும் அவனையே சொல்லிக்கினு இருந்தா எப்படி?" என்று கேட்டேன். படித்த திமிரா, என் நிலத்தின் துக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்ற கோபமா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும் பேசினாள். அம்மா என்னைப் பார்த்து, "வாயி இருக்குதுன்னு பேசுவியா? வந்த பொண்ண பேஜார் பண்ணிக்கினு" என்று திட்டினாள். தானும் சேர்ந்துதான் பேசினாள் என்பது அம்மாவுக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் ஏரிக்கரையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவள் மதகுப் பக்கம் தண்ணீர் மட்டம் குறித்துக்கொண்டிருந்தாள், நான் ஆக்கிரமிப்பு அளந்துகொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். அவள் போன் அடித்தது. பேசத் தொடங்கியவள் நோட்டைக் கீழே போட்டாள். நான் கருவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அங்கே டாக்டருக்குப் பிரெஞ்சு மட்டும்தான். அம்மாவுக்குத் தன் மொழியும், சந்தையில் பேசும் உடைந்த இங்கிலீஷும்தான். கூட இருந்த அத்தைக்குக் காய் விற்கிற அளவுக்குத்தான் பிரெஞ்சு. டாக்டர் கேட்பது அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மா சொல்வது டாக்டருக்குப் புரியவில்லை.

"அக்கா, உன் போன்" என்று கை நீட்டினாள். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

என் போனில் மொழிபெயர்க்கும் ஆப் ஒன்று இருந்தது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தன் மொழியில் சொன்னாள். இவள் அதை இங்கிலீஷில் சொல்ல, நான் என் போனில் தட்டினேன். என் போன் அதைப் பிரெஞ்சில் பேச, அதை அவள் போனின் பக்கத்தில் பிடித்தேன். டாக்டர் பதில் சொன்னார். அதை என் போன் இங்கிலீஷாக்கியது. இவள் தன் மொழியில் அம்மாவிடம் கேட்டாள். ஏரிக்கரைப் பனைமர நிழலில் நின்றுகொண்டு இதைச் செய்தோம். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

நடுவில் அவள் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். இவள் தடுமாறினாள்.

"வலியா?" என்றேன்.

"வலி இல்ல. அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்லக்கா." நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தேடினாள். பிறகு தமிழில் சொன்னாள். "உள்ள இன்னாவோ வந்து குந்திக்கினு கீதுன்றா. எயுந்து போவ மாட்டேங்குது."

அதை நான் இங்கிலீஷில் எழுத, அது பிரெஞ்சில் டாக்டரிடம் போனது. டாக்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏதோ அவசரமாகச் சொன்னார், வண்டி உருளும் சத்தம் கேட்டது, இணைப்பு அறுந்தது.

அப்படியே கரையில் உட்கார்ந்தோம். "அன்னிக்கு நான் கேட்டது தப்பு" என்றேன்.

"இன்னா கேட்ட?" என்றாள். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகத் துடித்தாள். அத்தை வேண்டாம் என்று அலறினாளாம். அடையாள அட்டையில் பிறந்த ஊர் இங்கிலீஷ் பகுதி என்று இருக்கிறது, வழியில் சோதனைச் சாவடிகள், இளவயதுக்காரர்களை இறக்கி நிறுத்துகிறார்கள் என்று. இங்கிருந்து போனால் விசா ரத்தாகிவிடும், திரும்பி வர முடியாது, படிப்பு அரைகுறை. விடிந்ததும் போகிறேன் என்பாள், மத்தியானம் போகவில்லை என்பாள். பதினாறாம் நாள் அவள் அம்மா இறந்துபோனாள்.

இறப்பதற்கு முன் அந்த அம்மாள் ஒன்றுதான் கேட்டாளாம். தன் வீட்டுக்குப் பின்னால், புருஷன் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவர்கள் வழக்கத்தில் வீட்டு மண்ணில்தான் புதைப்பார்கள். ஆனால் ஓடையைத் தாண்டிப் பெட்டியைத் தூக்கிப் போக யாரும் துணியவில்லை. நாலு ஆண்கள் சேர்ந்து நடந்தாலே சுடுகிற காலம். அத்தை வீட்டு வாழைத் தோட்டத்தில் புதைத்தார்கள். இவள் அதை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. மண் போடும் நேரத்தில் உறைந்து நின்றுவிட்டது. அவள் போனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு படம் அசைந்தபோது எல்லாம் மூடியாகிவிட்டது.

அம்மா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "அயுவாத கண்ணு. எங்க பொதைச்சா இன்னா, எல்லாம் மண்ணுதான்."

"இல்லம்மா," என்றாள் அவள். "அது அத்தை வூட்டு மண்ணு."

அம்மா அவள் தலையைத் தடவினாள். "ஆமா" என்றாள். "ஆமா, நீ சொல்றது சரிதான்."

சாயங்காலம் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவள் வந்த புதிதில் மூக்கின்மேல் விரல் வைத்தவர்கள்தான். வரிசையாக உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "உங்க அம்மா பேரு இன்னாம்மா?" அவள் சொன்னாள். அவர்கள் வாயில் அது சரியாக வரவில்லை, இரண்டு மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெயரை வைத்தே ஒப்பாரி சொன்னார்கள். கடல் தாண்டிப் பெத்த மகளை அனுப்பிவைத்த தாயே என்று. ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் தன் அம்மா பெயர் வரும்போதெல்லாம் அவள் உடம்பு குலுங்கியது. அந்தப் பெயரை இத்தனை பேர் சேர்ந்து சொல்லி அவள் கேட்டது தன் ஊரை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான்.

தை மாதம் படிப்பை முடித்தாள். சொந்த நாட்டுக்குப் போகவில்லை. கானாவில் ஒரு பாசனத் திட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கே இங்கிலீஷ் செல்லும். அதுவும் எனக்கு என் ஊர் இல்லை அக்கா, ஆனால் பக்கம் என்றாள். புறப்பட்ட அன்று பழையசீவரத்தில் பாலாற்றுப் பாலத்தருகே காரை நிறுத்தச் சொன்னாள். வெறும் மணல்தான். இறங்கி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஏறினாள். விமான நிலையத்தில் அம்மா அவள் கையை விடவே இல்லை. கடைசியில் காவலர் வந்து சொன்ன பிறகுதான்.

அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. இரண்டு அறை வீடுதான். அவள் இருந்தபோது எங்களுக்கு அது போதவில்லை. அம்மா மாலையில் மூன்று பேருக்கு அரிசி அளந்துவிட்டு, ஒரு பங்கைத் திரும்ப எடுப்பாள். நான் அளவைக்குப் போகும் இடங்களில் யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மனம் தானாக ஓடும். சொல்ல ஆளில்லை. வாரம் ஒருமுறை வந்த அவள் குரல் செய்தி மாதம் ஒருமுறை ஆனது. அவளுக்கு வேலை, எனக்கு வேலை. அவளுடைய தமிழில் இருந்த எங்கள் தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. ஒருமுறை "என்ன குழம்பு" என்று சுத்தமாகக் கேட்டாள்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் வாழைமரங்கள். அவள் தன் அத்தையின் ஊருக்கு வந்திருந்தாள். கானாவிலிருந்து விமானத்தில் பிரெஞ்சுப் பகுதி நகரத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு உறவுக்காரர் வண்டியில். அம்மாவின் சமாதியைக் காட்டினாள். சிமெண்ட் பூசி, மேலே சின்னச் சிலுவை. என் அம்மா கும்பிட்டாள்.

பிறகு அவள் போனோடு நடந்தாள். படம் குலுங்கியது, சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஒரு சரிவில் இறங்கி நின்றாள். கீழே ஓடை. ஒரே தாவில் தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம்தான். அந்தப் பக்கம் பச்சை மலை, மலை நடுவில் துருப்பிடித்த தகரக்கூரை ஒன்று.

"அம்மா, அதோ பாரு," என்றாள். "அதான் எங்க வூடு."

"போயேண்டி," என்றாள் அம்மா. "எட்டி வெச்சா போயிடலாம் போல கீதே."

"போக முடியாதும்மா. நேத்துகூட அங்க சத்தம் கேட்டுச்சி." பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நீ கண்ணாலயே அளப்பியே. எவ்ளோ தூரம் இருக்கும், சொல்லு."

போனை முகத்தின் அருகே கொண்டுவந்து பார்த்தேன். சரிவு, மரங்களின் உயரம், கூரையின் அகலம் எல்லாவற்றையும் வைத்து மனதில் கணக்குப் போட்டேன். "ஒன்றரை கிலோமீட்டர்," என்றேன். "அதுக்கு மேல இருக்காது."

அவள் தலையாட்டினாள். போனைக் கீழே பிடித்துக்கொண்டாள், இப்போது திரையில் தண்ணீரும் கல்லும் மட்டும். ஓடை ஓடும் சத்தம் இங்கே கேட்டது. அம்மா என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். யாரும் போனை வைக்கவில்லை. அவள் போனில் சார்ஜ் தீர்ந்து படம் அணையும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.